தாங்கிப் பிடிக்காத வாத்தியங்கள்

திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ளதையும் இடைக்கிடை போட்டுக் காட்டுவேன். போன தவணை காட்டியது, ஆங்கிலேய இசையமைப்பாளர் பீட்டர் மெக்ஸ்வெல் டேவிஸ் 1969இல் இசையமைத்த இசைநாடகமான ‘பைத்தியக்கார மன்னனுக்கு எட்டுப் பாடல்கள்’. ஒரே ஒரு பாடகர், ஆறு வாத்தியக்காரர், அரை மணித்தியாலம். மனம் பேதலித்த இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ் மன்னன் குருவிகளுக்குப் பாட்டுப் பழக்கப் பார்க்கிறான். புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், செலோ வாசிப்பவர்கள்தான் குருவிகள். பெரிய கூடுகளுக்குள் இருந்தே வாசிக்கிறார்கள்.

கோணேசர் கோயிலுக்குப் போகும்போது நாம் நுழைகிற பிரெட்ரிக் கோட்டைக்கு இவனுடைய மகனின் பெயர்தான் என்றதும் பின்வாங்கும் நிமிர்ந்தது.

உறுமலில் தொடங்கும் மன்னனின் குரல் கிறீச்சென்று உச்சிக்குப் போகும். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அதற்கும் அதில் இடமிருக்கிறது. ஏழாம் பாட்டில் மன்னன் கூட்டுக் கம்பிக்குள்ளால் வயலினைப் பிடுங்கி உடைத்தபோதோ, மத்தளம் அடிக்கிற பொடியனுக்குக் கோபம் வந்துவிட்டது. தொட்டுக் கும்பிடாமல் மத்தளத்தை இடுப்பில் கட்டாதவன் அவன். “வாத்தியத்தை உடைக்கிறதெல்லாம் என்ன நாடகம் சேர்?”

“அது வயலின் இல்லையடா, குருவி. தன்ர குருவியைத்தான் கொல்லுறான்” என்றாள் பக்கத்து வாங்கில் இருந்தவள். நான் சொல்ல வைத்திருந்த விளக்கம் இதைவிட நீளம்.

அப்புறம் நாங்களும் செய்து பார்த்தோம். கோட்டை மான்களோடு பேசித் திரியும் ஒரு கிழவி. மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும் ஆர்மோனியமும் மான்கள். யாரும் அவளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கக்கூடாது, மானாகத்தான் பதில் சொல்ல வேண்டும். இதுதான் வினையாகிப் போனது. கூத்தில், அதைப் பழக்கி மத்தளமும் அடிக்கிற அண்ணாவியார் ஆட்டக்காரனின் காலைப் பார்த்தபடியே அடிப்பார். மூச்சு வாங்கினால் பிற்பாட்டுக்காரர் வரியை ஏந்திக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில், கிழவியின் குரல் தடுமாறியதும் மத்தளம் ஓடிப்போய்த் தாங்கிவிடும். நிறுத்தச் சொன்னால், “விழுறாள் சேர், பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது” என்பான்.

டேவிஸின் மன்னனுக்கு அந்தத் தாங்கல் இல்லை. ஹேன்டல் இசையமைத்த ‘மெசையா’ என்ற கிறிஸ்தவ இசைப் படைப்பிலிருந்து ஆறுதல் வரியொன்றை அவன் எடுத்தால், வாத்தியங்கள் அதை நடன மெட்டாக்கிக் கேலி பண்ணிவிடும்.

கடைசியில் பொடியனைச் சுவர்ப்பக்கம் திரும்பி இருக்க வைத்தேன். கால் தெரியாவிட்டால் கை ஓடாது. கிழவி தனியாகத் திணறினாள், மத்தளம் தன்பாட்டில் மேய்ந்தது. சரி, இதுதான் என்று தவணை முடிவு நிகழ்ச்சிக்கு வைத்திருக்கிறோம். பார்க்க வருகிறவர்கள் தனக்கு இன்னும் அடி பழகவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்பதுதான் அவனுக்குக் கவலை.