முதல் மொட்டைக் கிள்ளலாமா? மிளகாயிலும் குடைமிளகாயிலும் செய்து பார்த்தது

மிளகாய் வளர்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. இளஞ்செடியில் வரும் முதல் மொட்டைக் கிள்ளிப் போடு, அப்போதுதான் செடி தேறும் என்பது ஒன்று. பூக்கிற செடியை ஏன் தடுக்க வேண்டும், எப்போது பூப்பது என்று அதற்குத் தெரியாதா என்பது இன்னொன்று. இரண்டு பேருமே அடித்துச் சொல்வார்கள். எந்த மிளகாய், செடி எவ்வளவு பெரியது என்று கேட்டால் மட்டும் பேச்சு குறைந்துவிடும். அதனால் இந்த முறை ஒரே சமயத்தில் விதைத்த நாற்றுகளைப் பிரித்து, பாதியில் மொட்டைக் கிள்ளினேன், மீதியைத் தொடவில்லை. ரகம் இரண்டு: ஒல்லிக் காய் காய்க்கும் கார மிளகாய், பருமனான குடைமிளகாய். தொட்டியின் அளவு, மண் கலவை, வெயில் எல்லாம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

கிள்ளுவதற்கு முன் செடியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. மிளகாய் நாற்று முதலில் ஒற்றைத் தண்டாகத்தான் நிமிர்ந்து வளர்கிறது. ரகத்தைப் பொறுத்து எட்டு முதல் பதினைந்து இலை வரை விட்டதும், அந்தத் தண்டின் நுனியே மொட்டாக முடிந்துவிடும். அதற்கு மேல் நீள நுனி கிடையாது. மொட்டுக்கு ஒட்டிக் கீழே இருக்கும் இலைக் கணுக்களிலிருந்து இரண்டு கிளைகள், சில செடிகளில் மூன்று, கிளம்பிக் கவட்டையாகின்றன. அந்தக் கிளைகளும் அதிகம் போவதில்லை. ஓரிரு இலை, நுனியில் ஒரு பூ, மறுபடி கவட்டை. இப்படியே ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று பூவும் கிளையும் சேர்ந்தே பெருகுகின்றன.

ஆக, “மொட்டைக் கிள்ளினால் செடி கிளைவிடும்” என்பது சரியில்லை. மொட்டு கண்ணில் படும்போதே கிளைகள் இரு பக்கமும் கிளம்பியிருக்கும். கிளைக்காகச் செய்வது நுனி கிள்ளுவது; மொட்டு வருவதற்கு முன்பே தண்டின் தலையை எடுக்கும் வேலை அது. பூப்பதும் அதனால் தள்ளிப்போகும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டையே.

அப்படியானால் மொட்டைக் கிள்ளி என்ன லாபம்? மொட்டும் பூவும் செடியிடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை. பிஞ்சு பிடித்துக் காய் பருக்கத் தொடங்கும்போதுதான் செலவு. இலை தயாரிக்கும் சர்க்கரை, வேருக்கும் புது இலைக்கும் போக வேண்டியது, காயை நோக்கித் திரும்பிவிடும். செடி பெரிதாக இருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை. இலை குறைவாக, வேர் இன்னும் தொட்டியில் பரவாமல் இருக்கும்போது ஒரு பெரிய காய் பிடித்தால்தான் சிக்கல்.

கிள்ளும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. மொட்டு கடுகளவு இருக்கும்போது அவசரப்படக் கூடாது. அப்போது அது இரண்டு இளங்குருத்துகளுக்கு நடுவே இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். நகம் கொஞ்சம் தவறினாலும் குருத்தும் சேர்ந்து வந்துவிடும். சில நாள் விட்டால் காம்பு நீண்டு, மொட்டு தலைகுனியும். அந்தக் காம்பை அடிப்பக்கமாக மடக்கினால் கணுவில் சட்டென்று ஒடிந்து கையோடு வரும். கத்தரி தேவையில்லை. இன்னும் காத்திருந்து பூ விரிந்த பிறகு எடுத்தாலும் நஷ்டமில்லை. எடுத்த பூக்களை வெள்ளைத் தாளில் தட்டிப் பார்ப்பதை நான் வழக்கமாக வைத்துக்கொண்டேன். இலைப்பேன் இருந்தால் மெல்லிய கோடு கோடாகத் தாளில் ஓடும். இலை மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்ட பிறகு கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். (கீழ்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் சிலந்திப் பேன், அதற்கு மருந்து வேறு.)

சரி, என்ன ஆயிற்று?

கார மிளகாயில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. கிள்ளாத செடிகள் கொஞ்சம் முன்னால் காய்த்தன, அவ்வளவுதான். செடி நன்றாகப் படர்ந்து காய்ப்பு உச்சத்துக்கு வந்தபோது, தொட்டியில் அடையாளக் குச்சி இல்லாவிட்டால் எது எது என்று எனக்கே தெரிந்திருக்காது. யோசித்தால் நியாயம்தான். கிராம் கணக்கில் எடையுள்ள ஒரு காய் செடியை என்ன செய்துவிடும்?

குடைமிளகாயில் கதையே வேறு. கிள்ளாத செடிகளில் முதல் கவட்டைப் பூ பிஞ்சு பிடித்ததும் செடியின் உயரம் அப்படியே நின்றுவிட்டது. மேலே மொட்டுகள் வந்தன. காம்பு மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பருத்துக்கொண்டிருக்கும் காய் மேலே உள்ள பூக்களைத் தங்கவிடாது என்பது குடைமிளகாயின் பழைய குணம். அந்தக் காயை அறுத்த பிறகுதான் புதுத் துளிரும் பூவும் மறுபடி வந்தன. குடைமிளகாய் பூவிலிருந்து முழுப் பச்சைக் காயாக ஐந்தாறு வாரம் எடுக்கும். நிறம் மாற வேண்டுமென்றால் மேலும் சில வாரம். அத்தனை காலமும் செடி ஒரே காய்க்காக உழைக்கிறது.

இன்னொரு தொல்லை, காய் இருக்கும் இடம். இரண்டு கிளைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, பருக்கப் பருக்க இடம் போதாமல் இரு பக்கமும் தட்டையாகி, தண்டு அழுத்திய இடத்தில் பழுப்புத் தழும்போடு வந்தது. கையால் இழுத்தால் கவட்டையே பிளந்துவிடும் போலிருந்தது. கத்தரியை நுழைத்துக் காம்பை வெட்டித்தான் எடுத்தேன். கிள்ளிய செடிகளில் காய்கள் மேல் கவட்டைகளில், தாராளமாகத் தொங்கின. வடிவம் நன்றாக இருந்தது, மொத்தத்தில் காயும் கூடுதல். முதல் காய்க்குத்தான் வெகுநாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு சில தொட்டிகளை வைத்து இதைச் சட்டமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் குடைமிளகாயில் முதல் கவட்டை மொட்டை இனி நான் விட்டுவைக்கப் போவதில்லை.

ரகம் பார்க்காமல் கிள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு: நாற்றுத் தட்டிலேயே பூத்துவிடும் செடி. வேர் சுற்றிக்கொண்டு, இடம் போதாமல், சாணளவு இருக்கும்போதே மொட்டு வைக்கும். அது வளர்ச்சி அல்ல, நெருக்கடி. அதில் மொட்டை எடுத்துவிட்டுப் பெரிய தொட்டிக்கு மாற்றி, புது இலை வரும் வரை வரும் மொட்டுகளையும் எடுப்பது நல்லது. அப்புறம் நிறுத்திவிட வேண்டும். வேர் பிடித்து நிமிர்ந்த செடியில் வாரக்கணக்கில் கிள்ளிக்கொண்டே இருப்பது காய்ப்பைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறெதற்கும் உதவாது. வளரும் பருவம் குறுகியதாக இருந்தாலோ சீக்கிரம் குளிர் வந்துவிடும் என்றாலோ கிள்ளவே வேண்டாம்.

பல சமயம் செடியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பகல் 32 டிகிரிக்கு மேலும் இரவு 24 டிகிரிக்கு மேலும் தொடர்ந்து போனால் பூ தானாகவே கொட்டும். இரவு 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் காய் சரியாகப் பிடிக்காது. தழைச்சத்து அதிகமானால் இலை செழித்துப் பூ உதிரும். கிள்ளாமலே மொட்டு விழுந்தால் முதலில் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த விதைப்பில் கார மிளகாயைத் தொடப் போவதில்லை. குடைமிளகாயில் இரண்டு செடிகளில் மட்டும் கவட்டைக் காயை விட்டு, அது மாட்டிக்கொள்ளும் அளவுக்குப் பருக்கும் முன்பே பச்சையாக அறுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். முதல் காயும் சீக்கிரம் கைக்கு வரும், மேல் மொட்டும் உதிராமல் நிற்கும் என்பது என் கணக்கு.