ஐரோப்பிய இயற்கைவளச் சட்டப் பேப்பர்: 5.0-இலிருந்து 2.3-க்கு வந்த கதை

முந்தாநாள் ரிசல்ட் வந்தது, 2.3. போன செமஸ்டரில் இதே பேப்பரில் 5.0 வாங்கியிருந்தேன். ஜெர்மனியில் மார்க் தலைகீழாக ஓடும் என்பது இங்கே படிப்பவர்களுக்குத் தெரியும், 5.0 என்றால் பெயில். எங்கள் கோர்ஸில் மூன்று தடவைதான் எழுதலாம், மூன்றாவதும் போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் இரண்டு மாதமாக ஒழுங்காகத் தூங்கவில்லை, இதை எழுதும்போது கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சட்டம் படித்தவன் இல்லை. சுற்றுச்சூழல் பொறியியல் முடித்துவிட்டு மாஸ்டர்ஸில் இந்தப் பேப்பரை எடுத்தவன். என்னைப் போல வருபவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும். சட்டம் படித்துவிட்டு வருபவர்களுக்கு நான் கண்டுபிடித்தது எல்லாம் சிரிப்பாக இருக்கும்.

முதல் தடவை வந்த கேள்வி இதுதான். ஒரு கடலோர நாடு, வட கடலில் தன் பொருளாதார மண்டலத்தில் இருக்கும் ஒரு பாறைத்திட்டைக் காப்பாற்ற நினைக்கிறது. அது நேச்சுரா 2000, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட இயற்கை இடங்களின் பட்டியலில் உள்ள இடம். அங்கே அடிமடி இழுவலையை எல்லா நாட்டுப் படகுக்கும் தடை செய்து தானாகவே ஒரு சட்டம் போடுகிறது. செல்லுமா?

எனக்குக் கை பரபரவென்று ஓடியது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, மாசுபடுத்தியவரே பணம் கட்டும் கோட்பாடு, இழுவலை கடல் தரையை என்ன செய்யும் என்று ஒரு படம்கூடப் போட்டேன். நம் ஊரில் அடிஷனல் ஷீட் வாங்கி நூல் கட்டிக் கொடுத்த பழக்கம் சும்மா விடுமா. கடைசியில், ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தத்தில் பிரிவு 193 படி ஒரு நாடு ஒன்றியத்தைவிடக் கடுமையான பாதுகாப்பு விதி போட்டுக்கொள்ளலாம், ஆகவே செல்லும் என்று முடித்தேன். வெளியே வந்து காபி குடித்தபோது 1.7 நிச்சயம் என்று நினைத்தேன்.

விடைத்தாளைப் பார்க்கும் நாளில் போய்ப் பார்த்தால் ஓரத்தில் ஒரே ஒரு வரி: 'யாருக்கு அதிகாரம்?'

அவ்வளவுதான். ஒன்பது பக்கமும் அந்த ஒரு வரியில் போச்சு. 193 என்பது 192-இன் கீழ் வரும் சுற்றுச்சூழல் நடவடிக்கைகளுக்குத்தான். கடல்வாழ் உயிரின வளத்தைப் பொது மீன்பிடிக் கொள்கையின் கீழ் பேணுவது அதே ஒப்பந்தத்தின் பிரிவு 3-இல் இருக்கிறது, அது ஒன்றியத்தின் தனி அதிகாரம். 2018-இல் ஜெர்மனியின் ஒரு வழக்கில் லக்சம்பர்க்கில் இருக்கும் ஒன்றியத்தின் நீதிமன்றம் இதையே சொல்லிவிட்டது: மற்ற நாட்டுப் படகுகளைப் பாதிக்கும் தடையை நீ தனியாகப் போட முடியாது, மீன்பிடி ரெகுலேஷன் 1380/2013-இன் பிரிவு 11 வழியாகத்தான் போக வேண்டும். அதாவது அங்கே மீன்பிடிக்கும் நாடுகள் சேர்ந்து பரிந்துரை கொடுக்கும், ஐரோப்பிய கமிஷன் விதி போடும். உன் நாட்டுப் படகை மட்டும் தடுப்பதென்றால் நீயே தடுத்துக்கொள்ளலாம். கேள்வியே அந்த வழக்கை வேஷம் மாற்றி வைத்ததுதான். நான் அதை வாசித்தும் இருந்தேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆகவே இரண்டாவது தடவை நான் பழக்கியது ஒன்றே ஒன்று. எந்தக் கேள்வி வந்தாலும், இயற்கைக்கு என்ன ஆகிறது என்று யோசிப்பதற்கு முன்னால், இதில் கை வைக்க யாருக்கு உரிமை என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த வரி. விடுதிச் சமையலறை பிரிட்ஜில் இதை ஒட்டி வைத்திருந்தேன்:

- கடல் மீனின் இருப்பைக் காப்பது: ஒன்றியம் மட்டும்
- மீன்பிடியின் மற்ற சங்கதிகள்: பகிர்ந்த அதிகாரம் (இங்கேதான் பாதிப் பேர் வழுக்குவார்கள்)
- சுற்றுச்சூழல்: பகிர்ந்த அதிகாரம், 192
- காடு: ஒப்பந்தத்தில் காட்டுக்கென்று தனி அதிகாரமே கிடையாது, சுற்றுச்சூழல் அல்லது விவசாயம் வழியாகத்தான் நுழைய வேண்டும்
- தண்ணீர்: நின்று யோசி

தண்ணீருக்கு ஏன் நிற்க வேண்டும் என்றால், 192(1) படி சட்டம் போடப் பெரும்பான்மை போதும், 192(2) வந்தால் 27 நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரின் தரம் முதலாவதில், தண்ணீரின் அளவு இரண்டாவதில். டான்யூப் ஆற்று உடன்படிக்கையை ஒன்றியம் ஏற்றபோது ஸ்பெயின் இதை வைத்துத்தான் வழக்குப் போட்டது, ஆற்று நீர் விவகாரம் என்றால் எங்கள் எல்லார் சம்மதமும் வேண்டும் என்று. 2001-இல் தோற்றது. அந்த ஏற்பாட்டில் நீர் பகிர்வது துணை விஷயம், தரத்தைக் காப்பதுதான் முதன்மை என்றது நீதிமன்றம். பிறகு நைஸ் ஒப்பந்தத்தில் 'அளவு' என்ற சொல்லையே உள்ளே எழுதிவிட்டார்கள். வறண்ட ஊர்க்காரனுக்குத்தான் தண்ணீரின் அளவு என்றால் எவ்வளவு சண்டை என்று தெரியும், ஸ்பெயின் மேல் எனக்கு அனுதாபம்தான்.

இந்தத் தடவை கேள்வி என்ன தெரியுமா? ஆற்றுத் தண்ணீரை ஒரு வறண்ட மாகாணத்துக்குத் திருப்புவது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாம் பகுதியில் ஜெர்மனியின் வேசர் ஆறு வந்தது. பெரிய கப்பல் போக ஆற்றை ஆழப்படுத்திய வழக்கு, 2015. ஒன்றியத்தின் நீர்ச் சட்டத்தில் நீர்த் தரத்தை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள் அல்லவா, மொத்த வகுப்பு இறங்காவிட்டாலும் ஒரே ஒரு கூறு ஒரு படி இறங்கினாலே அது அந்தச் சட்டம் தடுக்கும் 'சீரழிவு'தான் என்பது தீர்ப்பு. ஏற்கெனவே கடைசிப் படியில் இருந்தால் கொஞ்சம் கெட்டாலும் சீரழிவு. இதை ஒரு சின்னப் படிக்கட்டு வரைந்து விளக்கினேன். பொறியியல் படித்ததற்கு அதுதான் பலன்.

அப்புறம் வாழிட டைரக்டிவின் பிரிவு 6, நேச்சுரா 2000 இடத்தைப் பாதிக்கும் திட்டத்துக்கு எப்போது அனுமதி கொடுக்கலாம் என்று சொல்வது. இதில் எனக்கு இருந்த நோய் வேறு. பொறியாளர் மூளை உடனே தீர்வுக்குத் தாவும்: ரோடு போட்டால் புல்வெளி அழிகிறதா, பக்கத்தில் புதுப் புல்வெளி வளர்த்துவிடு, ஆக பாதிப்பில்லை, அனுமதி கொடு. நெதர்லாந்தில் ஏ2 நெடுஞ்சாலைக்கு இதைத்தான் செய்யப் பார்த்தார்கள், 2014-இல் நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. புதுப் புல்வெளி ஈடுகட்டல், அது 6(4)-இல் வருவது, 6(3)-இல் அதைக் கணக்கில் சேர்க்காதே. வரிசை முக்கியம்:

1. திட்டமா?
2. கணிசமான பாதிப்பு வரக்கூடுமா?
3. மதிப்பீடு. அறிவியல் ரீதியாக நியாயமான சந்தேகம் மிஞ்சினால் அனுமதி இல்லை (நெதர்லாந்தின் வாடன் கடலில் மட்டி அள்ளிய வழக்கு, 2004. வருஷா வருஷம் புதுப்பிக்கும் லைசென்ஸும் 'திட்டம்'தான்.)
4. பிறகுதான் 6(4): மாற்று வழி இல்லையா, மேலான பொதுநலன் உண்டா, ஈடு என்ன.

போலந்தின் பியாவோவியேஷா காட்டு வழக்கை மூன்றாம் படிக்கு எழுதுங்கள். மரப்பட்டை வண்டு பரவுகிறது என்று சொல்லி 2016-இல் வெட்டும் அளவை ஏறக்குறைய மூன்று மடங்காக்கினார்கள். நீதிமன்றம் 2017 ஜூலையில் நிறுத்தச் சொன்னது, அது போதாமல் நவம்பரில் மீறினால் நாளுக்குக் குறைந்தது 1,00,000 யூரோ என்றது, 2018 ஏப்ரலில் தீர்ப்பு. எங்கள் குழுவில் இருந்த போலந்துப் பெண்ணிடம் இதைப் பற்றிக் கேட்டேன், ஒரு மணி நேரம் பேசினாள். பாடப்புத்தகத்தைவிட அதுதான் நினைவில் நின்றது. எந்த வழக்குக்கும் அந்த நாட்டு ஆள் ஒருவரைப் பிடித்துப் பேசச் சொல்லுங்கள்.

நான் படித்து வீணாய்ப் போனவை: 1970-களின் செயல்திட்டங்கள், கழிவு டைரக்டிவ்கள், இணைப்புப் பட்டியலில் இருக்கும் லத்தீன் பெயர்கள். கெட்டுப்போன இயற்கையைச் சரிசெய்யச் சொல்லும் இயற்கை மீட்பு ரெகுலேஷன் மட்டும் விடாதீர்கள். 2024 ஜூன் 17 அன்று ஆஸ்திரியாவின் அமைச்சர் கெவெஸ்லர் தன் சான்சலர் எதிர்த்தும் ஆதரவாக வாக்களித்தார், ஆதரித்த நாடுகளின் மக்கள்தொகை, தேவையான 65 சதவீதத்தை மயிரிழையில் தாண்டியது. சின்னக் கேள்வியாக வந்தது, நாலு மார்க்.

தேர்வறைக்கு எடுத்துப்போகும் சட்டப் புத்தகத்தில் எழுத்தில்லாத வண்ணப் பட்டி ஒட்டலாம். நீலம் பிரிவு 3-க்கும் 4-க்கும், சிவப்பு 192(2)-க்கு. ஆனால் பென்சிலில்கூட ஒரு எழுத்தும் எழுதாதீர்கள். என் பக்கத்து மேசைப் பையன் ஓரத்தில் 'தண்ணீர்!' என்று எழுதி வைத்திருந்தான், புத்தகத்தையே வாங்கி வைத்துவிட்டார்கள், பாவம் மீதி ஒன்றரை மணி நேரம் ஞாபகத்தில்தான் எழுதினான்.