ஸ்வெட்டர் கையும் பி.பி. அளவும்

நீலகிரியில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி என்றால் பெரும்பாலும் ஊட்டியில் ஒரு அரங்கு, ஒரு புரொஜெக்டர், மதியச் சாப்பாடு. பந்தலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற கிராம சுகாதார செவிலியர் அதற்காக விடியற்காலையிலேயே பஸ் ஏற வேண்டும். அரங்கில் சொல்லித் தருவதில் பிழை இருக்காது. ஆனால் அவர் வேலை பார்க்கிற மேஜை அங்கே இல்லை. அவருடைய பி.பி. மிஷின், அவருடைய ரெஜிஸ்டர், ஜன்னல் வழியாக வரும் குளிர், வாசலில் காத்திருக்கும் இருபது பேர், எதுவும் அங்கே இல்லை. மருத்துவர்கள் 5 ஆண்டுகளில் 30 மணி நேரமாவது தொடர் கல்வி பெற வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறி விதிகள் சொல்கின்றன. மணி நேரத்தை எண்ணுவது எளிது. திரும்பிப் போன பிறகு கைப்பழக்கம் மாறியதா என்பதைப் பயிற்சி தருபவர் அவருடைய மேஜைக்கே போய்த்தான் பார்க்க முடியும்.

அப்படிப் போகும்போது முதல் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது நல்லது. செவ்வாய் கர்ப்பிணிகளுக்கான நாள், புதன் தடுப்பூசி நாள். அந்த இரண்டு நாளும் போய் நின்றால் உதவியாக இருக்காது, இடைஞ்சல்தான். வியாழனோ வெள்ளியோ போய், ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வேலை நடப்பதைப் பார்க்க வேண்டும்.

மலையில் முதலில் கண்ணில் படுவது ஸ்வெட்டர். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஏறி வந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே உட்காருகிறார். கூட்டம் இருப்பதால் ஸ்வெட்டர் கையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டு, அதற்குக் கீழே கஃப்பை, அதாவது பி.பி. மிஷினின் கைப்பட்டையை, சுற்றிவிடுகிறார்கள். சுருட்டிய கம்பளி முழங்கைக்கு மேலே கயிறு போல இறுக்குகிறது. கஃப் சுற்ற இடம் குறைந்து அது முழங்கை மடிப்பில் வந்து உட்காருகிறது. வருகிற அளவு உண்மையான அளவு அல்ல. ஸ்வெட்டருக்கு மேலேயே சுற்றினாலும் இதே கதைதான். செய்ய வேண்டியது ஒன்றுதான்: "அம்மா, வலது கையை மட்டும் ஸ்வெட்டர்ல இருந்து முழுசா வெளிய எடுங்க, இடது பக்கம் அப்படியே இருக்கட்டும்." குளிரும் தாங்கும், கையும் கிடைக்கும். இதற்கு அரை நிமிடம் போதும். ஏறி வந்த களைப்பு அடங்க ஐந்து நிமிடம் தேவை. அதற்கு வாசலில் ஒரு பெஞ்சும், டோக்கன் எண்ணை முன்கூட்டிக் கூப்பிடும் ஒரு பழக்கமும் போதும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை மேஜையில் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். அளக்கும்போது பேச்சு கூடாது. பேசினாலே பத்து புள்ளி கூடிவிடும். டீ குடித்துவிட்டு வந்தவரை அரை மணி நேரம் கழித்துப் பார்ப்பது முறை. பருத்த கைக்கு நடுத்தர கஃப் போட்டாலும் அளவு ஏறித்தான் காட்டும். பெரிய கஃப் இல்லாத நிலையங்களில் அதைக் கேட்கும் கோரிக்கைச் சீட்டை (இண்டென்ட்) அன்றைக்கே எழுத வைத்துவிட வேண்டும்.

பிறகு ரெஜிஸ்டர். கடைசி இருபது அளவுகளின் கடைசி இலக்கத்தை மட்டும் வரிசையாகப் பாருங்கள். டிஜிட்டல் மிஷினில் பூஜ்யம் இருபதில் இரண்டு தடவை வருவது இயல்பு. பதினைந்து தடவை வந்திருந்தால் அங்கே எழுதப்படுவது மிஷின் காட்டியது அல்ல. இதை யாரையும் குற்றம் சொல்லும் குரலில் பேசக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து அவரையே எண்ணச் சொன்னால் போதும். இதைவிட முக்கியமானது ரெஜிஸ்டரில் அதற்கு அடுத்த கட்டம்: மேல் அளவு போன மாதம் 156, இந்த மாதம் 158, இரண்டு மாதமும் அதே பி.பி. மாத்திரை, அம்லோடிபின் 5 மில்லிகிராம். மருந்தைக் கூட்ட வேண்டும் என்பது தெரியாமல் இல்லை. தான் எடுத்த அளவையே அவர் நம்பவில்லை. "நடந்து வந்ததால இருக்கும்" என்று தோன்றும் வரை மருந்து நகராது. அதனால்தான் மருந்து வகுப்புக்கு முன்னால் ஸ்வெட்டரைச் சரிசெய்ய வேண்டும் என்கிறோம்.

ரத்தச் சர்க்கரை அளக்கும் குளுக்கோமீட்டரில் வேறு தொல்லை. பெரும்பாலான மிஷின்கள் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. ஜனவரிக் காலையில் பையிலிருந்து எடுத்தவுடன் பிழைக் குறிதான் வரும். மிஷினை உள்சட்டைப் பையில் வைத்து எடுத்துப் போவது நல்ல வழி. குளிர்ந்த விரலைப் பிழிந்தால் ரத்தத்தோடு திசு நீரும் கலந்து அளவு கெடும். வெந்நீரில் கையை நனைத்துத் துடைத்த பிறகு குத்தலாம்.

ஹீமோகுளோபின் கணக்கில் மலைக்கென்று ஒரு திருத்தம் உண்டு. உயரம் கூடக் கூட உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். அதனால் கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்ற சமவெளியின் கோடு இங்கே ஏமாற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி, அளந்து வந்த எண்ணிலிருந்து 1,000 முதல் 1,499 மீட்டர் வரை 0.8, 1,500 முதல் 1,999 வரை 1.1, 2,000 முதல் 2,499 வரை 1.4 கழிக்க வேண்டும். கூடலூர் முதல் வகுப்பு, குன்னூர் இரண்டாவது, ஊட்டி மூன்றாவது. ஊட்டியில் எட்டாம் மாதக் கர்ப்பிணிக்கு 11.8 வந்தால் அட்டையில் 'நார்மல்' என்று விழுகிறது. கழித்தால் 10.4, அதாவது ரத்தசோகை. ஒரே மாவட்டத்துக்குள் மூன்று கணக்கு என்பதால், ஒவ்வொரு நிலையத்திலும் அந்த ஊருக்கான எண்ணை மட்டும் பெரிதாக எழுதி ஒட்டுவது உத்தமம். முழு அட்டவணையைக் கொடுத்தால் யாரும் பார்ப்பதில்லை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குவது இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. டீக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்ல வேண்டும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராம் ஏறவில்லை என்றால் மேலே அனுப்ப வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பழங்குடி ஊர்களில் அரிவாள் செல் நோயையும் நினைக்க வேண்டும். அதற்கான முதல் ரத்தப் பரிசோதனையான கலங்கல் சோதனை பாசிட்டிவ் என்றால், நோயே இருக்கிறதா, நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமக்கிறாரா என்று அது சொல்லாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையிடம் அது நெகட்டிவ் என்று வந்தால் நம்பவும் முடியாது.

காய்ச்சலுக்கும் ஸ்வெட்டர்தான் தடை. சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சலான ஸ்க்ரப் டைபஸில், கடித்த இடத்தில் உண்டாகும் கறுத்த பொருக்கு வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி, பாவாடைக் கயிறு அழுத்தும் இடம் என்று மறைந்திருக்கும். ஒரு திரைச்சீலை இல்லாத அறையில் அதை யாரும் தேட மாட்டார்கள். கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் இரண்டு வேளை, கர்ப்பிணிக்கு அஸித்ரோமைசின். அமாக்ஸிசிலின் எத்தனை நாள் கொடுத்தாலும் பலன் இல்லை.

நேரில் போகாத வாரங்களில் நோயாளிகளைப் பற்றிப் பணியாளர்கள் சேர்ந்து பேசும் உரையாடலைப் போன் வழி நடத்தலாம். நியூ மெக்ஸிகோவில் 2003-இல் தொடங்கிய எக்கோ திட்டம் இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியது: நிபுணர் பாடம் எடுப்பதோடு நிற்பதில்லை, களத்தில் இருப்பவர் தன் நோயாளியைப் பற்றிச் சொல்கிறார், எல்லோரும் சேர்ந்து யோசிக்கிறார்கள். மலையில் மழைக்காலத்தில் வீடியோ நிற்காது. எனவே குரல் மட்டும், படங்கள் முந்தின நாளே வாட்ஸ்அப்பில், பெயரும் முகமும் இல்லாமல். முதலில் பேச வேண்டியவர் செவிலியர். மருத்துவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள்.

கற்றுக்கொண்டவருக்கு மாறுதல் வருவதுதான் பெரிய இழப்பு. மாறுதல் உத்தரவு வந்த வாரமே, புதிதாக வருகிறவரை அரை நாள் அதே மேஜையில் உட்கார வைத்து, பழையவர் சொல்லச் சொல்லப் பத்துப் பேருக்கு அளக்க வைக்க முடிந்தால், ஒட்டிய தாளோடு பழக்கமும் அங்கேயே தங்கும்.