தளபதி எழுதிய போரும் படம் காட்டும் போரும்

கடற்படைத் தளபதிகளின் கதையைச் சொல்லும் போர்ப் படங்களை வரலாற்றுப் பதிவோடு சேர்த்துவைத்துப் பார்த்துவருகிறேன். இந்தச் சுற்றில் 2014இல் வந்த கொரியப் படம் 'தி அட்மிரல்: ரோரிங் கரண்ட்ஸ்'. 1597 அக்டோபர் 26 அன்று 13 கப்பல்களோடு ஜப்பானியக் கடற்படையை மறித்த கொரியத் தளபதி யி சுன்-சின்னின் கதை. அவரே போர்க்கால நாட்குறிப்பு எழுதிவைத்திருப்பது பெரிய வசதி. நோட்டில் இடப்பக்கம் படத்தின் காட்சி, வலப்பக்கம் அன்றைய குறிப்பு. அவருடைய தேதிகள் சந்திர மாதக் கணக்கு; போர் நாள் ஒன்பதாம் மாதம் 16.

முதல் பாதி சீக்கிரம் முடிந்தது. பே சோல் என்ற அதிகாரி ஆமைக்கப்பலை (மேலே ஓடுபோல மூடிய கொரியப் போர்க்கப்பல்) கொளுத்துகிறார், தளபதியைக் கொல்லவும் சதி செய்கிறார் என்கிறது படம். உண்மையில் அவர் போருக்கு முன்பே ஓடிப்போனார், 1599இல் பிடிபட்டு மரண தண்டனை பெற்றார். ஆனால் யி சுன்-சின்னிடம் இருந்த கப்பல்களில் 12, முந்தைய தோல்வியிலிருந்து இதே பே சோல் தப்பித்துக் கொண்டுவந்தவை. அவருடைய வம்சத்தார் படக்குழுமீது புகார் கொடுத்ததில் நியாயம் இருக்கிறது.

நான் நின்று நிதானித்தது கடற்போரில். படத்தில் எதிரிகள் தளபதியின் கப்பலிலேயே ஏற, கைகலப்பு நீள்கிறது. நாட்குறிப்பிலோ அவர்கள் எறும்புக் கூட்டமாக மொய்ப்பது தளபதியின் கீழிருந்த ஆன் வி என்பவரின் கப்பலை. அதிலிருந்தவர்கள் தடியாலும் ஈட்டியாலும் கூழாங்கல்லாலும் அடித்து அடித்தே ஓய்ந்துபோகிறார்கள்.

அதற்குச் சற்று முன்னால் யி சுன்-சின்னுக்கு வந்த இக்கட்டு வேறு மாதிரி. அவர் கப்பல் மட்டும் எதிரியின் நடுவில். மற்றவை தள்ளியே நிற்கின்றன. திரும்பிப் போய்த் தண்டிக்கலாம் என்றால், தளபதியே திரும்புவதைப் பார்த்து அவை இன்னும் பின்வாங்கும், எதிரி முன்னேறிவிடுவான். அதனால் இடத்தைவிட்டு நகராமல் அழைப்புக் கொடி ஏற்றுகிறார். ஆன் வி நெருங்கியதும் கப்பல் விளிம்பில் நின்றபடி, ராணுவச் சட்டத்தில் சாக வேண்டுமா, ஓடினால் எங்கே பிழைப்பாய் என்று கத்துகிறார். வாள்வீச்சு எதுவும் இல்லாமலே நெஞ்சு படபடக்கிறது. இயக்குநர் இதை நம்பியே போர்க் காட்சியை நகர்த்தியிருக்கலாம்.

அப்புறம், சுழலில் சிக்கிய தளபதியின் கப்பலை மக்கள் படகுகளில் வந்து இழுத்து மீட்பது நாட்குறிப்பில் இல்லை. ஆனால் போர் நடந்த உல்டோல்மோக் நீரிணையின் மூர்க்கமான நீரோட்டம் நிஜம்.

அடுத்த சுற்றில், யி சுன்-சின் உயிரிழந்த 1598 நோர்யாங் போர். நாட்குறிப்பு அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பே நின்றுவிடுகிறது. அவருடைய அண்ணன் மகன் எழுதிய வாழ்க்கைக் குறிப்பைத்தான் வலப்பக்கத்தில் வைக்க வேண்டும்.