பெல்ட் கத்தினால் பெல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள்

மழைக்காலத்தில் காலை நேரம் பழைய வண்டியைக் கிளப்பினால் பானட்டுக்குள்ளிருந்து 'கீஈஈச்' என்று ஒரு சத்தம் வரும். தெருமுனை தாண்டுவதற்குள் அடங்கிவிடும். "ஃபேன் பெல்ட் கத்துது, மாத்திருங்க" என்று கேட்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். கத்துவது பெல்ட்தான், சந்தேகமில்லை. ஆனால் நல்ல பெல்ட் எதற்காகக் கத்த வேண்டும்? இதைக் கேட்காமல் பெல்ட்டை மாற்றிக்கொண்டு வந்தால் கொஞ்ச நாளில் அதே சத்தம் திரும்பிவிடும். எங்கள் வண்டியில் அப்படித்தான் ஆயிற்று.

வண்டி 2004 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது. ஏசி கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது. அதனால் வெளியே தெரிகிற பெல்ட் ஒன்றே ஒன்றுதான். இன்ஜின் சுற்றும் சக்கரமான கிராங்க் புல்லியிலிருந்து வாட்டர் பம்பையும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவையும், அதாவது ஆல்டர்னேட்டரையும், சுற்றி வரும். ரேடியேட்டர் ஃபேன் தனி மோட்டாரில் ஓடுவது, அதற்கும் இந்த பெல்ட்டுக்கும் சம்பந்தமில்லை. ஓடும்போது இந்த ஒரு பெல்ட் அறுந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் நின்றுவிடும், இன்ஜினுக்குள் தண்ணீர் சுற்றுவதும் நின்றுவிடும். கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் சூடேறி, செலவு ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) வரைக்கும் போகும். என் மனைவி குலசேகரத்திலிருந்து திருவட்டார், அழகியமண்டபம், திங்கள்நகர் வழியாகக் குளச்சலுக்கு வேலைக்குப் போய் வருவது இந்த வண்டியில்தான். இடவப்பாதி மழையிலும் ஐப்பசி மழையிலும் வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது. சத்தம்தானே என்று விட எனக்கு மனம் வரவில்லை.

காலையில் மட்டும் கத்துவதற்குக் காரணம் உண்டு. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியிலிருந்து நிறைய கரண்ட் போய்விடும். அதைத் திருப்பி நிரப்ப, இன்ஜின் பிடித்த உடனே டைனமோ முழு மூச்சாக வேலை செய்யும். அந்த நேரத்தில் அதைச் சுற்றுவது கனமாக இருக்கும். ஈரமும் சேர்ந்தால் பெல்ட் புல்லியில் வழுக்கும். அந்த வழுக்கல்தான் கீச்சுச் சத்தம். பேட்டரி கொஞ்சம் தேறி, பெல்ட்டும் சூடானால் சத்தம் நின்றுவிடும். சந்தேகமிருந்தால் சத்தம் அடங்கிய பிறகு ஹெட்லைட்டையும் உள்ளே இருக்கும் ப்ளோயரையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். சத்தம் மறுபடி வந்தால் வழுக்கல் டைனமோ பக்கம் என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம்.

எங்கள் பக்கம் இதற்குக் கைவைத்தியம் நிறைய. சோப்புக் கட்டியைத் தேய்ப்பார்கள், தேங்காய் எண்ணெய் விடுவார்கள். தயவுசெய்து எண்ணெய் மட்டும் விடாதீர்கள். எனக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. பால் எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப்போடும் வீட்டில் வளர்ந்தவன். ஷீட்டில் டீசல் பட்டால் அந்த இடம் ஊதிப் பிசுபிசுத்துப் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இப்போதைய பெல்ட்டுகளில் பெரும்பாலும் நியோப்ரீன் போன்ற செயற்கை ரப்பர்தான். அது எண்ணெயை நம் ஊர் ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். தாங்கினாலும் எண்ணெய் பட்ட பெல்ட் புல்லியைப் பிடிக்காது. பிடிக்காத பெல்ட் இன்னும் வழுக்கி, இன்னும் சூடாகி, பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளத்துவிடும். அப்புறம் அந்த பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

இந்த வகை பெல்ட் பிடிப்பது அதன் இரண்டு பக்கச் சரிவால்தான், அடிப்பாகத்தால் இல்லை. ஆப்பு மாதிரி புல்லியின் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார வேண்டும். பெல்ட் தேய்ந்து அடி தட்டினால் பக்கத்தில் பிடிமானம் போய்விடும். புல்லிப் பள்ளத்தின் அடியில் பளபளப்பு தெரிந்தால் அடி தட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

திருவட்டாரில் நாங்கள் வண்டி விடும் வர்க்‌ஷாப் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். வாஷர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்து, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டின் உள்பக்கம் படும்படி தெளித்தார். சத்தம் கூடியது. தண்ணீர் பட்டதும் சத்தம் நின்று கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே நேரில் இல்லை என்று பொருளாம். கூடினால் வழுக்கல். புல்லி நேர் இல்லாவிட்டால் இழுத்த கீச்சுக்குப் பதிலாகக் குருவி கத்துவதுபோல விட்டுவிட்டு வரும் என்றும் சொன்னார். எங்களுடையது நீளமாக இழுத்த சத்தம்.

வழுக்கல் என்று தெரிந்ததும் பெல்ட்டை இறுக்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, "டென்ஷன் செரியாத்தான் இருக்கு. பெல்ட்ட கழத்திப்போட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணு மக்கா" என்றார்.

பெல்ட் இல்லாமல் இன்ஜின் ஓடியது. பேட்டரி விளக்கு எரிந்தது, அது எரியத்தான் வேண்டும். சத்தம் சுத்தமாக இல்லை. வாட்டர் பம்ப் சுற்றாததால் அரை நிமிடத்துக்குள் நிறுத்திவிட்டோம். நீங்கள் செய்தாலும் அதற்கு மேல் ஓட விடாதீர்கள். கழற்றிய பிறகும் சத்தம் இருந்திருந்தால் தேட வேண்டிய இடமே வேறாக இருந்திருக்கும்.

அப்புறம் அவர் ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றச் சொன்னார். வாட்டர் பம்ப் புல்லி சத்தமில்லாமல் சுற்றியது. பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை. பம்பின் அடியில் சீல் போனால் தண்ணீர் கசிவதற்கென்றே ஒரு சின்னத் துளை உண்டு, அதைச் சுற்றியும் கறை இல்லை. அடுத்தது டைனமோ புல்லி. விரல் வைத்த உடனே வித்தியாசம் தெரிந்தது. உள்ளே மணல் அரைபடுவதுபோல ஒரு சரசரப்பு. கால் சுற்று லேசாகப் போகும், பிறகு ஓர் இடத்தில் கடித்து நிற்கும், கொஞ்சம் அழுத்தினால் தாண்டிப் போகும். காதை அருகே கொண்டுபோனால் மெல்லிய உறுமலும் கேட்டது. இவ்வளவு நாளும் இன்ஜின் சத்தத்தில் இது அமுங்கிப்போயிருந்தது. முன்பக்க பேரிங் இறுகி டைனமோவைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்து இழுக்க முடியாமல்தான் புது பெல்ட்டும் வழுக்கிக் கத்தியது.

கீழே இன்ஜினுக்கு மறைப்பாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தடுப்பு எங்கள் வண்டியில் இல்லை. குழியில் தேங்கிய சேற்றுத் தண்ணீர் முழுக்க பெல்ட் பக்கம்தான் தெறித்திருக்கிறது. பகல் முழுவதும் குளச்சல் கடற்காற்றில் நிற்கிற வண்டி வேறு. உப்பும் ஈரமும் பேரிங்கை என்ன செய்யும் என்று கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தடுப்பையும் வாங்கி மாட்டிவிட்டோம்.

டைனமோவில் வருகிற தடித்த வயரில் சாவி போடாவிட்டாலும் கரண்ட் இருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுத்தான் அண்ணன் டைனமோவில் கை வைத்தார். மார்த்தாண்டத்தில் ஓர் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து முன்னும் பின்னும் இரண்டு பேரிங்கையும் மாற்றினோம், திறந்த கையோடு கார்பன் பிரஷ்ஷையும் போட்டாயிற்று. புது டைனமோவே வாங்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். காயிலில் குறையில்லாதபோது அது வீண் செலவு என்பது என் எண்ணம். மாட்டிய பிறகு மீட்டரில் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டியது, அது போதும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் சாரம் (லுங்கி) கட்டி, தோளில் துவர்த்தை (துண்டை)ப் போட்டுக்கொண்டே பானட்டைத் திறப்பது பழக்கம். இன்ஜின் ஓடும்போது அப்படிக் குனியாதீர்கள். துணி முனை பெல்ட்டில் சிக்கினால் கையை எடுக்க நேரம் கிடைக்காது. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து பேரிங் சத்தம் கேட்பவர்களும் அதன் நுனி பெல்ட்டுக்கு எட்டாத இடத்தில் வைத்துக் கேளுங்கள்.

ஏசி உள்ள வண்டியில் கம்ப்ரசர் புல்லி, பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி என்று பார்க்க வேண்டியவை கூடும். ஏசி போடும்போது மட்டும் சத்தம் வந்தால் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கோடு கோடாக இருக்கும் அகலமான பெல்ட்டாக இருந்தால் பல வண்டிகளில் ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் தானாக இறுக்கிக்கொள்ளும், அதன் பேரிங்கையும் சுற்றிப் பாருங்கள். எங்கள் 800இல் கையால்தான் இறுக்க வேண்டும். பளபளத்துப்போன பெல்ட்டுக்குப் பதில் வேறு பெல்ட் போட்டிருப்பதால், அது ஓடி இளகியதும் ஒருமுறை டென்ஷன் பார்க்க வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் அண்ணன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிற வழியில் அதை முடித்துவிடலாம் என்றிருக்கிறேன்.