அப்பாவின் ஐஸ்கிரீம் குச்சிகள்

அப்பாவுக்கு இடது கன்னத்தின் உட்புறம் புண். முப்பது வருடமாக வெற்றிலையோடு புகையிலையை அடக்கி வைத்த அதே இடம். பக்கத்துத் தெரு டாக்டர் வைட்டமின் மாத்திரையும் களிம்பும் கொடுத்து இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டார். மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண் என்றால் சதை எடுத்துப் பார்ப்பதுதான் சரி என்று அப்போது எனக்கும் தெரியாது. கடைசியில் "கேன்சர் டாக்டரைப் பாருங்க" என்றார். ஒருவரைத்தான் பார்க்கப் போகிறோம் என்று நினைத்து மதுரைக்கு பஸ் ஏறினோம்.

முதலில் அறுவை சிகிச்சை டாக்டர். கன்னத்துப் புண்ணையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டு, நெஞ்சுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து கன்னத்தில் வைத்துத் தைத்தார். அடுத்து என்ன செய்வது என்பதோ நாங்கள் முகமே பார்க்காத ஒருவரின் கையில் இருந்தது. அவர் நோய்க்கூறியல் டாக்டர், சதையை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துச் சொல்பவர். எடுத்த சதையின் ஓரங்களில் புற்று இல்லை, ஆனால் ஒரு நெறிக்கட்டியில் அது உறையைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியால்தான் கதிர்வீச்சோடு வாராவாரம் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் சேர்ந்தது. சிறுநீரகம் கெடாமல் இருக்க அந்த மருந்துக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினார்கள்.

சரி, கதிர்வீச்சு நாளைக்கே தொடங்கும் என்று பார்த்தால், பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் பொறுமையாகச் சொன்னார்: கதிர்வீச்சு பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும், அதன்பிறகு பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். சொத்தையான நான்கு பற்களை அன்றே எடுத்தார். ஈறு ஆறும்வரை காத்திருந்தோம்.

அப்புறம் முகமூடி. சல்லடை மாதிரி துளைகள் உள்ள பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, அப்பாவின் முகத்தில் அழுத்தினார்கள். சில நிமிடத்தில் அவர் மூக்கும் மோவாயுமாக இறுகிவிட்டது. அதை மேஜையோடு பூட்டித்தான் தினமும் கதிர்வீச்சு. மொத்தம் 60 கிரேயை (கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே) 30 தவணையாகப் பிரித்து, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். எந்தக் கோணத்தில் எவ்வளவு, தண்டுவடத்துக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் எவ்வளவு குறைவாகப் படவேண்டும் என்று கணக்குப் போட்டவர் டாக்டரே இல்லை, மருத்துவ இயற்பியலாளர். இயற்பியல் படித்தவருக்கு ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு வேலை இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் வாயெல்லாம் வெந்து, தண்ணீர்கூட இறங்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். உணவியல் நிபுணர் கஞ்சி, முட்டை வெள்ளை, பால் பவுடர் என்று மணிக்கணக்கோடு எழுதிக் கொடுத்தார். வலிக்கு வலி நிவாரணப் பிரிவிலிருந்து மார்ஃபின் வந்தது. மார்ஃபின் என்றாலே கடைசிக் கட்டம் என்று அம்மா அழுதார். வலி இருக்கும்வரை கொடுப்போம், குறைந்ததும் மெல்ல நிறுத்துவோம் என்று அங்கிருந்த நர்ஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்படியே நடந்தது.

நான் மறக்க முடியாதவர் விழுங்கும் பயிற்சி கொடுத்த பெண். கதிர்வீச்சு முடிந்தபோது அப்பாவுக்கு வாயைச் சரியாகத் திறக்கவே வரவில்லை. தட்டையான ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையே வைக்கச் சொன்னார். அன்று ஒன்பதுதான் நுழைந்தது. "தினமும் அஞ்சு தடவை ஐயா. வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டினா போதும்." அப்பா, "சரி தாயி" என்றார். வாய் நிறைய குச்சியோடு கூடத்தில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் எண்ணுவார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது வாய்க்கோ தொண்டைக்கோ கதிர்வீச்சு என்று சொல்லியிருந்தால், தொடங்கும் முன்பே பல் டாக்டரையும் விழுங்கும் பயிற்சி கொடுப்பவரையும் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு இரண்டாமவரைப் பற்றி யாரும் முதலில் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மகள் சொல்லித்தான் போனோம்.

நேற்று பதினைந்து குச்சி நுழைந்தது. எச்சில் இன்னும் ஊறவில்லை. இட்லியை ரசத்தில் நன்றாக ஊறவைத்து, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரத்தில் இரண்டு சாப்பிட்டார்.