மைஎஸ்கியூஎல்ல 1062 எரர் வந்தா உடனே ஸ்கிப் அடிக்காதீங்க, நான் அரியர் வச்ச கதை

எம்சிஏ டேட்டாபேஸ் லேப் எக்ஸாம்ல எனக்கு வந்தது இதுதான், ரெண்டு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வர், ரெண்டு பக்கமும் என்ட்ரி போடலாம், ஒண்ணுல போட்டது இன்னொண்ணுலயும் காப்பி ஆகணும், சிங்க் ஆகாம நிக்குது, சரி பண்ணணும். ஸ்டேட்டஸ் பாத்தா 1062, டூப்ளிகேட் என்ட்ரி. மனப்பாடமா வச்சிருந்த, முட்டி நிக்கிற மாத்தத்த தாண்டிப் போகச் சொல்ற ஸ்கிப் கவுண்டர 1னு போட்டு ஸ்டார்ட் குடுத்தேன், ஓடிருச்சு, முடிஞ்சுதுனு நின்னேன். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒண்ணும் சொல்லல, 418ஆம் வரிய ரெண்டு மெஷின்லயும் எடுங்கன்னார். இங்க ஒரு பேரு, அங்க வேற பேரு. அரியர்.

அப்புறம் கோத்தகிரி வந்து பழைய லேப்டாப் ரெண்ட வச்சு படிச்சேன், ஒண்ணு வீட்ல, ஒண்ணு மாமாவோட தேயிலைக் கொழுந்து எடை போடுற ஷெட்ல. ஐப்பசி மழைல கரண்டும் நெட்டும் மாறி மாறிப் போகும், அதனால எரர வரவைக்க நான் தனியா மெனக்கெடவே வேணாம். நெட் இல்லாத நேரம் ரெண்டு பக்கமும் புது வரிக்கு தானா நம்பர் போடுற ஆட்டோ இன்கிரிமென்ட் ஒரே நம்பர குடுத்துரும், ஷெட்ல ஒருத்தர் 42 கிலோ, வீட்ல இன்னொருத்தர் 37 கிலோ, நம்பர் ஒண்ணே. நெட் வந்ததும் ரெண்டும் முட்டிக்கும்.

முதல்ல எந்த த்ரெட் நின்னுருக்குனு பாருங்க. அந்தப் பக்க மாத்தங்கள இழுத்துட்டு வர்ற ஐஓ த்ரெட் நின்னா நெட், பாஸ்வேர்டு, இல்ல அந்தப் பக்கம் மாத்தங்கள எழுதி வைக்கிற பின்லாக் அழிஞ்சு போனது (1236 வரும்), வந்தத இங்க ஓட்டுற எஸ்கியூஎல் த்ரெட் நின்னா டேட்டாலதான் பிரச்சன. 1062னா வரி ஏற்கனவே இருக்கு, 1032னா தேடுற வரி இல்ல.

என் கேஸ்ல முட்டுன நம்பரும் 418தான், வீட்டு 418ஐ அப்படியே விட்டுட்டேன். ஷெட் பக்கம், இங்க பண்றத பின்லாக்ல எழுதணுமான்னு சொல்ற sql_log_binஐ 0 ஆக்கி, ஐயோ இத மறந்தா டெலீட் அந்தப் பக்கமும் போயிரும், அங்க இருந்த 418ஐ அழிச்சேன், ஸ்டார்ட் பண்ணதும் வீட்டு வரி வந்து உக்காந்துச்சு. வீட்டுப் பக்கம் ஷெட்டோட பழைய 418 வந்து முட்டி நிக்குதுல்ல, அத மட்டும் ஸ்கிப். அப்புறம் ஷெட்ல sql_log_binஐ திரும்ப 1 ஆக்கிட்டு, மாமா நோட்ட பாத்து 42 கிலோவ புது நம்பர்ல போட்டேன். ஸ்கிப் தப்பில்ல, எத ஸ்கிப் பண்றோம்னு தெரியாம பண்றதுதான் தப்பு. கடைசியா இன்கிரிமென்ட் (எத்தன கூட்டி அடுத்த நம்பர்) 2, ஆஃப்செட் (எந்த நம்பர்ல ஆரம்பம்) ஒரு பக்கம் 1, மறுபக்கம் 2, ஒருத்தருக்கு ஒத்தப்படை, இன்னொருத்தருக்கு இரட்டைப்படை.

இன்னொண்ணு, ஸ்டேட்டஸ் பாக்குற கமாண்ட் பழைய நோட்ஸ்ல ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்னு இருக்கும், மைஎஸ்கியூஎல் 8.0.22ல இருந்து ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ், 8.4ல பழசு ஓடவே ஓடாது.

ரெண்டாவது தடவ வைவால, ஜிடிஐடி (ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனுக்கும் தனி ஐடி) ஆன்ல இருந்தா ஸ்கிப் கவுண்டர் போடுவீங்களான்னு கேட்டாங்க. அது எடுக்காது சார், அந்த ஐடிக்கு காலி டிரான்ஸாக்ஷன் ஒண்ணு போடணும்னேன். சரி, 418 எங்கன்னு சிரிச்சார், அதே எக்ஸ்டர்னல்.